25 நாள், ஒரு முதுகுப்பை: மேகாங் படகா, வியட்நாம் ரயிலா, ஜாவா எரிமலையா?

என் சித்தி மகள் வேலை மாறப்போகிறாள். பழைய இடத்தில் எப்போது ராஜினாமா கொடுப்பது என்பது அவள் கையில்தான் இருக்கிறது. இரண்டு வேலைக்கும் நடுவில் 25 நாள் எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டாள். போன வாரம் ஃபோனில், "அக்கா, ஒரு பையை மாட்டிக்கிட்டுக் கிளம்பிடணும். ஊரும் பார்க்கணும், மலையும் ஏறணும், கடைசியில ஒரு தீவுல நாலு நாள் சும்மா கிடக்கணும். தாய்லாந்தா, வியட்நாமா, பாலியா? நீங்க மூணுக்கும் போயிருக்கீங்க, ஒண்ணைச் சொல்லுங்க" என்றாள்.

"எந்த மாசம் போறே?"

"அதை அப்புறம் பார்த்துக்கலாம்க்கா. முதல்ல நாட்டைச் சொல்லுங்க."

முதலில் மாதம், பிறகுதான் நாடு. தென்கிழக்காசியாவுக்கு முதுகுப்பையோடு கிளம்புகிறவர்களில் பலர் இந்த இரண்டையும் முன்பின்னாக முடிவு செய்கிறார்கள். டிக்கெட் மலிவாகக் கிடைத்தது என்று அக்டோபரில் வியட்நாமின் ஹோய் ஆன் போய் முழங்கால் தண்ணீரில் நிற்கிறார்கள். மார்ச்சில் வட தாய்லாந்தின் சியாங் மாய் போய்ப் புகைக்குள் மலையைத் தேடுகிறார்கள். நானும் ஒரு மார்ச்சில் அங்கே போயிருக்கிறேன். வடக்கு மலைகளில் காட்டையும் வயல் தாளையும் எரிக்கிற பருவம் அது. நான்கு நாளும் தொண்டை எரிந்தது. தோய் சுதெப் மலை ஊரை ஒட்டியே நிற்கிறது, அதன் விளிம்பு கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. தங்கையிடம் அரை மணி நேரம் பேசியதையும், பேசும்போது விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

ஊர், மலை, தீவு மூன்றும் ஒரே பயணத்தில் கிடைக்கிற வழிகளாக மூன்றை எடுத்துக்கொண்டேன். முதலாவது தாய்லாந்து, லாவோஸ்: பாங்காக், சியாங் மாய், மேகாங் ஆற்றில் இரண்டு நாள் படகு, லுவாங் பிரபாங், வியன்டியான், கடைசியில் தாய்லாந்தின் ஒரு தீவு. இரண்டாவது வியட்நாம்: சைகோனில் (இன்றைய ஹோ சி மின் நகரம்) இறங்கி, ரயில் பிடித்து, நிறுத்தி நிறுத்தி ஹனோய் வரை, அங்கிருந்து ஹா ஜியாங் மலைகள். மூன்றாவது இந்தோனேசியா: ஜாவாவில் யோக்யகர்த்தா நகரம், புரோமோ, இஜென் எரிமலைகள், படகேறி பாலி, பிறகு லோம்போக் பக்கத்துக் குட்டித் தீவுகள்.

கம்போடியாவை விட்டதற்குக் காரணம் உண்டு. பாங்காக்கிலிருந்து தரைவழியாக அங்கோர் கோயில்களுக்குப் போய், அப்படியே சைகோனில் இறங்குவதுதான் பல வருடம் முதுகுப்பைக்காரர்களின் ராஜபாட்டையாக இருந்தது. 2025-இல் தாய்லாந்துக்கும் கம்போடியாவுக்கும் எல்லையில் இரண்டு முறை சண்டை மூண்டு, அந்தத் தரைவழி அடைபட்டுப்போனது. அங்கோரை விமானத்தில் தனியாகப் போய்ப் பார்ப்பதே இப்போதைக்கு நல்லது. மலேசியா எனக்கு மிகவும் பிடித்த நாடு, பினாங்கின் கடைத்தெருவில் தமிழிலேயே நாளை ஓட்டிவிடலாம். ஆனால் திருச்சியிலிருந்தே கோலாலம்பூருக்கு நேர் விமானம் இருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் ஒரு வாரம் போய்வரக்கூடிய ஊருக்காக இந்த 25 நாளைச் செலவழிக்க வேண்டாம்.

மழை முடிவு செய்கிறது

நமக்குத் தெரிந்த மழைதான் அங்கேயும் பெய்கிறது. தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவக்காற்றும் வங்கக் கடலோடு நின்றுவிடுவதில்லை. தாய்லாந்தின் மேற்குக் கரையில் இருக்கிற புக்கெட், கிராபி, கோ லாந்தாவெல்லாம் நம் கேரளம் மாதிரி. மே முதல் அக்டோபர் வரை மழை, கடலும் கொந்தளிக்கும், பல தீவுகளுக்குப் படகு குறைந்துவிடும். கிழக்குப் பக்கத்து வளைகுடாவில் இருக்கிற சமுய், பாங்கான், தாவ் மூன்றும் சென்னை மாதிரி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை அங்கே அடைமழை. ஒரே நாட்டில், ஒரே வாரத்தில், ஒரு கரையில் வெயிலும் மறு கரையில் வெள்ளமும் இருப்பது நமக்குப் புதிதில்லை. தாய்லாந்துக்கு டிக்கெட் போடும்போது மட்டும் இது ஏனோ மறந்துபோகிறது.

வியட்நாமின் நடுப்பகுதிக்கும் சென்னைக் குணம்தான். ஹுவே, ஹோய் ஆன் இரண்டும் ஆண்டின் கடைசி நான்கு மாதத்தில் வெள்ளத்துக்குப் பெயர்போனவை, 2025 அக்டோபர் இறுதியில் இரண்டு ஊருமே மூழ்கின. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருக்கிற ஜாவா, பாலி, லோம்போக்கின் கணக்கு வேறு. நவம்பர் முதல் மார்ச் வரை அங்கே மழை. மே முதல் செப்டம்பர் வரை வானம் துடைத்துவிட்டாற்போல இருக்கும்.

இதை நம் விடுமுறைகளோடு வைத்துப் பாருங்கள். தீபாவளி முடிந்து பொங்கலுக்குள் போகிறவர்களுக்கு தாய்லாந்தும் லாவோஸும், தீவுக்கு மேற்குக் கரை. மாசி, பங்குனியில் போகிறவர்களுக்கு வியட்நாம். மே, ஜூனில் மட்டும்தான் முடியும் என்கிற ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் இந்தோனேசியா. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. மேயில் கிராபி போக நினைப்பவர்களைப் பார்த்தால் கையைப் பிடித்து நிறுத்தத் தோன்றுகிறது.

இரண்டு பண்டிகைகளை மட்டும் நினைவில் வையுங்கள். வியட்நாமியப் புத்தாண்டான தெத், ஜனவரி கடைசிக்கும் பிப்ரவரி நடுவுக்கும் இடையில் வரும். நம் ஊரில் தீபாவளிக்கு கிளாம்பாக்கம் இருக்கிற மாதிரி மொத்த நாடும் ஊர் திரும்பும், ரயிலில் இடம் கிடைக்காது, கடைகள் மூடியிருக்கும். பாலியில் மார்ச் வாக்கில் வரும் நியெபி நாளில் விமான நிலையம் உட்பட எல்லாமே ஒரு நாள் முழுக்க நின்றுவிடும். விடுதியை விட்டு வெளியே கால் வைக்க முடியாது.

மேகாங் வழி

மூன்றிலும் எனக்கு மிக நெருக்கமானது இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

சென்னையிலிருந்து பாங்காக் மூன்றரை மணி நேர விமானம். மூன்று நாள் போதும். நான்காம் நாள் மாலை பாங்காக்கின் கிருங் தெப் அபிவத் ரயில் நிலையத்தில் சியாங் மாய் ரயில் ஏறினால் 750 கிலோமீட்டரைத் தூங்கிக்கொண்டே கடந்துவிடலாம். ராத்திரி உதவியாளர் வந்து இருக்கைகளை இழுத்துப் படுக்கையாக்கி, துவைத்த விரிப்பைப் போட்டுவிட்டுப் போவார். விடிகிறபோது ஜன்னலில் மலைக்காடு நிற்கும். சியாங் மாயில் நான்கு நாள் தாராளமாக இருக்கலாம். அங்கிருந்து பாய் என்கிற மலையூருக்கு மினிவேனில் போகிறவர்கள் வாந்தி மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள். அந்தச் சாலையில் 762 வளைவுகள், எண்ணிக்கையைப் பனியனில் அச்சடித்தே விற்கிறார்கள்.

பிறகு சியாங் கோங் போய்ப் பாலம் தாண்டினால் லாவோஸின் ஹுவாய் சாய். அங்கே விசாவை எல்லையிலேயே தருகிறார்கள். கசங்காத டாலர் நோட்டும் ஒரு புகைப்படமும் கையில் இருக்கட்டும். மறுநாள் காலை படகு.

அந்தப் படகைப் பற்றி யாராவது 'சொகுசு' என்று சொன்னால் நம்ப வேண்டாம். நீண்டு ஒடுங்கிய மரப் படகு. பழைய வேன்களிலிருந்து கழற்றிய இருக்கைகளைப் பலகைத் தரையில் வரிசையாக வைத்திருப்பார்கள், பலவற்றைத் தரையோடு முடுக்கியிருக்கக்கூட மாட்டார்கள். படகு திரும்பும்போது நாமும் இருக்கையோடு ஒரு விரற்கடை நகர்வோம். முதல் ஒன்றிரண்டு மணி நேரம் வலக்கரை தாய்லாந்து, பிறகு இரு கரையும் லாவோஸ். டிசம்பர் காலையில் ஆற்றின் மேல் பனி கனமாகக் கிடக்கும். கரையும் தெரியாது, வானமும் தெரியாது, எஞ்சின் சத்தம் மட்டும் கேட்கும். பத்து மணிக்கு மேல் பனி விலகும்போது முதலில் மணல் திட்டுகள் வெளியே வரும், அடுத்து எருமைகள், அதன் பிறகுதான் மலைகள்.

நான் போனபோது பெயர்ப்பலகையே இல்லாத ஒரு மணல் கரையில் படகை ஒதுக்கினார்கள். ஒரு பாட்டி இரண்டு மூட்டையோடு ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். மதியம் மூடிபோட்ட ஒரு சின்ன மூங்கில் கூடையைத் திறந்தார், உள்ளே ஒட்டும் சோறு. மூன்று விரலால் ஒரு பிடி எடுத்து, உள்ளங்கையில் உருட்டி, நடுவில் கட்டை விரலால் குழி பண்ணி, மிளகாய் விழுதைத் தொட்டு என்னிடம் நீட்டினார். கூடவே எள் தூவி வறுத்த ஆற்றுப்பாசி, அப்பளம் மாதிரி நொறுங்கியது. அவர் பேசியது எனக்குப் புரியவில்லை, நான் பேசியது அவருக்கும் புரியவில்லை. ஆனால் கையால் உருட்டி ஊட்டிவிடுகிற அந்த விதம் எங்கள் ஊர்த் திண்ணையில் பார்த்ததுதான்.

இரவு பாக்பெங்கில் தங்கல். செங்குத்தான கரையில் பையைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும், பை கனமாக இருந்தால் அங்கே தெரிந்துவிடும். மறுநாள் மாலை லுவாங் பிரபாங். பழைய அரச தலைநகரம், 1995-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஊர் முழுக்க விகாரைகள், இரண்டு ஆறுகள் கூடுகிற முனை. விடியலுக்கு முன் காவியுடைத் துறவிகள் வரிசையாக வந்து ஒட்டும் சோற்றைப் பிச்சையாக ஏற்பார்கள். அது அந்த மக்களின் வழிபாடு. எதிர்ப்பக்கத் தெருவில் நின்று பாருங்கள், முகத்துக்கு நேரே கேமராவை நீட்டாதீர்கள். பலர் நீட்டுகிறார்கள், பார்க்கவே மனசு கஷ்டப்படுகிறது.

அங்கிருந்து வியன்டியானுக்கு மலைப்பாதையில் ஒரு முழு நாள் பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு போன காலம் முடிந்தது. 2021 டிசம்பரில் சீன எல்லை வரை ரயில் பாதை திறந்த பிறகு இரண்டு மணி நேரம்தான். நடுவில் வாங் வியெங்கில் இறங்கலாம், சுண்ணாம்புப் பாறை மலைகளும் ஆறும் உள்ள அழகான இடம். ஆனால் 2024 நவம்பரில் அதே ஊரில் மெத்தனால் கலந்த மது குடித்து ஆறு வெளிநாட்டுப் பயணிகள் இறந்தார்கள், எல்லோரும் ஓர் இரவு சந்தோஷமாக இருக்கக் கிளம்பியவர்கள். விடுதியில் இலவசமாக ஊற்றித் தருகிற எதையும் வாங்காதீர்கள். மது பழக்கம் உள்ளவர்கள் கண் முன் திறக்கிற பீர் பாட்டிலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வியன்டியானிலிருந்து எல்லை தாண்டி இரவு ரயிலில் பாங்காக், அங்கிருந்து தெற்கே கிராபி, கோ லாந்தா. தாய்லாந்துக்குள் இரண்டு முறை நுழைகிறோம் என்பதை மறக்க வேண்டாம். 2025 மே முதல் இணையத்தில் நிரப்ப வேண்டிய வருகை அட்டை வந்துவிட்டது, இலவசம், ஒவ்வொரு நுழைவுக்கும் தனித்தனியாக நிரப்ப வேண்டும். இந்தியர்களுக்கான விசா விலக்கை 2024 ஜூலையில் 60 நாளாக உயர்த்தினார்கள், இந்த மாதிரி விதிகள் அடிக்கடி மாறுவதால் டிக்கெட் போடுவதற்கு முன் தூதரகத் தளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். கிறிஸ்துமஸ் வாரத்தில் தீவுகளில் அறை வாடகை தாறுமாறாக ஏறும், 20-ஆம் தேதிக்குள் தீவை முடித்துக்கொள்வது நல்லது.

ரயில் ஜன்னலில் ஒரு நாடு

வியட்நாமின் பெரிய வசதி, ஒரே நாடு, ஒரே விசா, ஒரே தண்டவாளம். 2023 ஆகஸ்டிலிருந்து 90 நாள் இ-விசா தருகிறார்கள், ஒருமுறை நுழைய 25 டாலர். சைகோனுக்கும் ஹனோய்க்கும் இடையே 1,726 கிலோமீட்டர், 1936-இல் முடித்த பாதை. ஒரே மூச்சில் போனால் முப்பது மணி நேரத்துக்கு மேல், அப்படிப் போகக்கூடாது. இறங்கி இறங்கிப் போக வேண்டும். டா நாங்கிலிருந்து ஹுவே வரையிலான மூன்று மணி நேரத்துக்காகவே இந்த ரயிலில் ஏறலாம். ஹாய் வான் மலையின் கடல்பக்கச் சரிவைத் தழுவிக்கொண்டு வண்டி ஊர்ந்து போகும், கீழே பாறையில் அலை மோதுவது தெரியும். ஹனோய் நோக்கிப் போகும்போது வலப்பக்க ஜன்னலைக் கேட்டு வாங்குங்கள்.

சைகோனில் பென் தான் சந்தைக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது. நூறு வருடத்துக்கு முன் வியாபாரத்துக்குப் போன தமிழர்கள் கட்டியது. கட்டியவர்களின் குடும்பங்களில் பெரும்பாலானவை ஊர் திரும்பிவிட்டன, அம்மனை வியட்நாமியப் பெண்கள் பார்த்துக்கொள்கிறார்கள். ஊதுபத்திக் கட்டோடு சுற்றிவந்து, பின்சுவரின் கல்லில் நெற்றியை அழுத்திவைத்து, அம்மனிடம் சொல்ல வேண்டியதைச் சொல்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் நானும் வரிசையில் நின்றேன்.

மலைக்கு ஹா ஜியாங். சீன எல்லையோரம் ஏறத்தாழ 350 கிலோமீட்டர் சுற்று, மூன்று அல்லது நான்கு நாள். மா பி லெங் கணவாயில் நின்று கீழே பார்த்தால் நோ குவே ஆறு பச்சை நூல் மாதிரி ஓடும். அந்தச் சாலையை 1959 முதல் 1965 வரை இளைஞர்கள் பெரும்பாலும் கைக்கருவிகளால் வெட்டினார்கள். கணவாய்ப் பகுதியில் கயிற்றில் தொங்கிக்கொண்டே பாறையைக் குடைந்தார்கள். அதைத் தெரிந்துகொண்டு போனால் ஒவ்வொரு வளைவிலும் அந்தக் கைகள் நினைவுக்கு வரும். வண்டியை நீங்கள் ஓட்ட வேண்டாம். செல்லுபடியாகும் உரிமம் இல்லாமல் விழுந்தால் பயணக் காப்பீடு கை விரித்துவிடும். 'ஈஸி ரைடர்' என்று உள்ளூர் ஓட்டுநரோடு பின்னால் உட்கார்ந்து போகிற ஏற்பாடு எல்லா விடுதியிலும் உண்டு. அவருக்கு வளைவு தெரியும், உங்களுக்கு மலையைப் பார்க்கக் கண்ணும் மிச்சம்.

குறை என்று பார்த்தால் தீவுதான். ஹா லாங் வளைகுடா அழகுதான், ஆனால் நெரிசல். பக்கத்திலிருக்கும் கட் பா தீவில் தங்கி, சின்னப் படகில் லான் ஹா வளைகுடாப் பக்கம் போவது மேல். ஆனால் மார்ச்சில் அங்கே தூறலும் மூட்டமும் இருக்கும், குளிக்கிற கடல் கிடையாது. வெயிலும் மணலும் வேண்டுமென்றால் தெற்கே ஃபூ குவோக்குக்கு விமானத்தில் போக வேண்டும். இன்னொன்று இரவு பஸ். ஒரு பஸ் என்னை அதிகாலை மூன்றரைக்கு ஊருக்கு வெளியே பெட்ரோல் பங்க் ஒன்றில் இறக்கிவிட்டுப் போய்விட்டது, காலை ஆறு வரை பூட்டிய கடைவாசலில் பையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரயில் இருக்கிற இடத்தில் ரயிலையே பிடியுங்கள்.

நெருப்பு மலைகளின் வழி

பிரம்பானன் கோயிலின் தெற்கு அறையில் அகத்தியர் இருக்கிறார். 9-ஆம் நூற்றாண்டில் கட்டிய, 47 மீட்டர் உயரமுள்ள சிவன் கோயில் அது. வடக்கே துர்க்கை, மேற்கே பிள்ளையார், தெற்கே தாடியும் கமண்டலமுமாகப் பொதிகை முனிவர். இருட்டில் கண் பழகிய பிறகு அந்த முகம் தெளிந்து வந்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வெளிச்சுற்றில் இராமாயணம் கல்லில் ஓடுகிறது. யோக்யகர்த்தாவின் மறுபக்கம் போரோபுதூர். மேல்தளம் ஏற நாளைக்குக் குறிப்பிட்ட பேருக்குத்தான் அனுமதி, முன்பதிவு கட்டாயம். கல் தேயாமலிருக்க 'உபானத்' என்று ஒரு பாய்ச் செருப்பு தருகிறார்கள், அதை வீட்டுக்கே கொண்டுவரலாம்.

கிழக்கே ரயிலில் புரோபோலிங்கோ, அங்கிருந்து புரோமோ. எரிமலை வாய்க்குள் எரிமலை, நடுவில் மணற்கடல். சுற்றியுள்ள தெங்கர் மக்கள் இந்துக்கள், காசாதா விழாவில் காய்கறி, கோழி, ஆடு எல்லாவற்றையும் எரிமலை வாய்க்குக் காணிக்கையாக வீசுவார்கள். அடுத்தது இஜென். நள்ளிரவு ஒரு மணிக்கு எழுந்து ஏறினால், விடியுமுன் எரியும் கந்தகத்தின் நீலத் தீ தெரியும். அதைப் பார்க்கத்தான் எல்லோரும் போகிறார்கள். எனக்கு நினைவில் நின்றது வேறு. குழிக்குள்ளிருந்து கந்தகப் பாளங்களைச் சுமந்து வருகிற மனிதர்கள். தோளில் காவடி மாதிரி ஒரு மூங்கில், இரண்டு பக்கமும் கூடை, 70 கிலோவுக்கும் மேல். அவர்கள் வருவதற்கு முன்பே கூடை கிறீச்சிடுகிற சத்தம் வரும். ஒருவர் நின்று தோள் மாற்றியபோது மூங்கில் பதிந்த இடம் கன்றிக் காய்த்துப்போயிருந்ததை என் கைவிளக்கில் பார்த்தேன். சத்தம் கேட்டதும் பாறைப்பக்கமாக ஒதுங்கி வழி விடுங்கள்.

அங்கிருந்து கெதாபாங் துறையில் படகேறினால் ஒரு மணி நேரத்துக்குள் பாலி. பாலியில் சாலை நெரிசல் கொடுமையாக இருக்கிறது, உபுத் பக்கம் மூன்று நாள் போதும். தீவுக்கு, லோம்போக்கை ஒட்டிய கிலி தீவுகள். மோட்டார் வண்டியே கிடையாது, சைக்கிளும் குதிரை வண்டியும்தான். கால் பலம் உள்ளவர்கள் லோம்போக்கின் ரிஞ்சானி ஏறலாம், 3,726 மீட்டர். மழைக்காலமான ஜனவரி முதல் மார்ச் வரை மூடியிருக்கும்.

விசா விமான நிலையத்திலேயே கிடைக்கும், 5 லட்சம் ரூபியா, 30 நாள். பாலிக்குத் தனியாக ஒன்றரை லட்சம் ரூபியா வரி. சென்னையிலிருந்து பெரும்பாலும் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ விமானம் மாற வேண்டும். இந்த வழியின் உண்மையான விலை தூக்கம்தான். புரோமோவுக்கு மூன்று மணிக்கு எழ வேண்டும், இஜெனுக்கு ஒரு மணிக்கு, ரிஞ்சானி உச்சிக்கு இரண்டு மணிக்கு. நாற்பது தாண்டிய நான் அதற்குப் பிறகு கிலியில் இரண்டு நாள் முழுக்கத் தூங்கினேன்.

சோறு

சைவக்காரர்கள் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி இதுதான். மூன்றிலும் சுலபம் வியட்நாம். அங்கே 'சாய்' என்றால் சைவம், 'கோம் சாய்' என்று பலகை இருந்தால் சைவச் சோற்றுக்கடை. அமாவாசையை ஒட்டிப் பிறக்கிற சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பௌர்ணமியன்றும் நிறைய பேர் விரதம் இருப்பதால், அந்த நாள்களில் தெருக்கடையில் கூடக் கிடைக்கும். தாய்லாந்தில் 'ஜே' என்று கேளுங்கள், மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து தொங்கும், வெங்காயம் பூண்டு கூட இருக்காது. 'மங்சவிரத்' என்றும் ஒரு சொல் உண்டு, மாம்சத்தை விலக்குவது என்றுதான் பொருள், ஆனால் முட்டை வரலாம். இரண்டையும் சொல்லாவிட்டால் மீன் சாறு கட்டாயம் வரும். ஜாவாவில் தெம்பேயும் (புளிக்கவைத்த சோயா) தாஹுவும் (டோஃபு) எங்கும் உண்டு, கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதைச் சுட்டிக்காட்டி வாங்கிச் சாப்பிடலாம். சம்பல் என்கிற மிளகாய்த் துவையலில் மட்டும் இறால் விழுது இருக்கும். கடினம் லாவோஸ். பப்பாளிக் கலவையில் ஊறிய மீன் சேர்க்காமல் அவர்களுக்குக் கை வராது. அங்கே ஒட்டும் சோறு, முட்டை, பழம், லுவாங் பிரபாங் இரவுச் சந்தையின் காய்கறித் தட்டு என்று ஓட்டலாம். மீன் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தப் பத்தியே தேவையில்லை, நான்கு நாடும் விருந்து.

பணம், பை

கூட்டு அறையில் ஒரு கட்டில், தெருக்கடைச் சாப்பாடு, உள்ளூர் போக்குவரத்து என்று என் கணக்கில் வியட்நாமிலும் லாவோஸிலும் நாளொன்றுக்கு 2,500 ரூபாய்க்குள் அடங்கியது. ஜாவாவும் அப்படித்தான். தாய்லாந்தில் 3,000, அதன் தீவுகளிலும் பாலி, கிலியிலும் 3,500 தாண்டும். விமானக் கட்டணம் தனி. இந்தோனேசியாவில் எரிமலைகளுக்கும் கோயில்களுக்கும் வெளிநாட்டவர் நுழைவுக் கட்டணம் தனியாகக் கடிக்கும். மொத்தமாகப் பார்த்தால் மூன்று வழிக்கும் வித்தியாசம் பெரிதில்லை, அதனால் பணத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம் என்பது என் எண்ணம்.

பை ஏழு கிலோவுக்கு மேல் போகக்கூடாது. மலிவு விமானங்களில் கையோடு கொண்டுபோக அவ்வளவுதான் விடுகிறார்கள். டிசம்பரில் மேகாங் படகுக்கும், மார்ச்சில் ஹா ஜியாங்குக்கும், எந்த மாதமானாலும் புரோமோவுக்கும் ஒரு கம்பளி வேண்டும். அந்த நாடுகள் முழுக்க வெயில் என்று நினைத்துக்கொண்டு போகிறவர்கள் விடியற்காலையில் நடுங்குகிறார்கள்.

என் தீர்ப்பு

மாதத்தை மாற்ற முடியாதவர்கள் மழைப்படியே போங்கள், அதில் பேச்சில்லை. என் தங்கை மாதிரி மாதமும் கையில் இருக்கிறவர்களுக்குத்தான் மேலே ஒரு கேள்வி மிஞ்சுகிறது: இடம் மாறுகிற நாள்கள் எப்படிப் போகும்? 25 நாளில் எட்டு ஒன்பது முறை படுக்கை மாறும். அந்த நாள்களெல்லாம் பஸ் நிலையத்திலும் விமான நிலையத்திலும் கழிந்தால் பயணத்தில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. இந்தோனேசியாவில் அந்த நாள்கள் உடம்பை முறிக்கும். வியட்நாமில் பாதி ரயிலில் நல்லபடி போகும், பாதி பஸ்ஸில் கெடும். மேகாங் வழியில் மட்டும் இடம் மாறுகிற நாள்களே பயணத்தின் சிறந்த நாள்கள்: இரவு ரயில், இரண்டு நாள் ஆறு, மலைக்குள் துளைத்துப் போகிற புது ரயில். இவ்வளவு நாள் தனியாகப் போவது இதுதான் முதல் முறை என்பவர்களுக்கு அதைத்தான் சொல்வேன். ஏற்கெனவே ஒரு முறை சுற்றியவர், உடம்பில் தெம்பு உள்ளவர் என்றால் ஜாவா. தனியாகப் போகத் தயக்கம், எல்லை தாண்டுகிற வேலையே வேண்டாம் என்றால் வியட்நாம்.

இதையெல்லாம் கேட்டுவிட்டுத் தங்கை கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்போ நவம்பர் கடைசியில கிளம்புற மாதிரி ராஜினாமா கொடுத்துடறேன்க்கா. படகு டிக்கெட்டை இங்கேயே ஆன்லைன்ல போட்டுடவா?"

வேண்டாம் என்றேன். சியாங் மாயில் ஒரு ஏஜென்டிடம் நான் ஏறத்தாழ இருமடங்கு கொடுத்து இருக்கை எண்ணோடு சீட்டு வாங்கினேன். படகில் அந்த எண்ணை யாரும் பார்க்கவே இல்லை, எனக்குக் கிடைத்தது எஞ்சினுக்கு முந்தின வரிசை. இரண்டு நாளும் காதுக்குள் அந்தச் சத்தம் நிற்கவில்லை. முதல் நாள் இரவே ஹுவாய் சாயில் தங்கிவிடு, காலையில் எட்டு மணிக்கெல்லாம் துறைக்குப் போ, அங்கேயே சீட்டு வாங்கு, முன்பாதியில் ஜன்னலோரமாக உட்கார். பக்கத்து இருக்கையில் பையை வைத்துக்கொள்ளாதே, நடுவழியில் யாராவது ஏறுவார்கள்.